கிளை நூலகத்தை ஊர்க்கூடமாக மாற்றுவது எப்படி? வேலூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நடு மத்தியானம் காசு கொடுக்காமல் ஒரு மணி நேரம் எங்கே உட்காரலாம்? கோயில் நடை சாத்தியிருக்கும். டீக்கடையில் கிளாஸ் காலியானதும் எழுந்துவிட வேண்டும். கோட்டைப் பக்கம் போனால் அகழித் தண்ணீரிலிருந்தே சூடு கிளம்பும். மிஞ்சுவது நூலகம் ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு மத்தியானம் எங்கள் கிளை நூலகத்துக்குள் ஒரு வங்காளி வந்தார். மனைவியை சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு லாட்ஜ் அறையின் புழுக்கம் தாங்காமல் நடந்து வந்தவர். செல்போனைக் காட்டி, சார்ஜ் போடலாமா என்று சைகையில் கேட்டார். போன் ஏறும்வரை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். பத்து நிமிடம் சும்மா இருந்தார், அப்புறம் மேசையில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகையை இழுத்துக்கொண்டார். மறுநாள் பக்கத்து அறைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நூலகத்துக்குத் துணை நிற்கும் வாசகர்களின் குழுவான வாசகர் வட்டத்தில் இத்தனை வருடம் இருந்து நான் கற்றது அந்த பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஆள் உள்ளே வர ஒரு காரணம் வேண்டும். வந்து உட்கார்ந்துவிட்டால் கை தானாகப் புத்தகத்தைத் தேடும். நூலகத்தை ஊர் மக்கள் கூடும் இடமாக்குவது என்றால், தெருவில் இருக்கிற ஒவ்வொரு வகை ஆளுக்கும் அப்படி ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுப்பதுதான். புதுக் கட்டடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிற ஓட்டுக் கட்டடத்திலோ ஒற்றை அறையிலோ ஆரம்பிக்கலாம். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: அது உங்கள் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்குப் போகிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1948-ல். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல வருடம் பாடுபட்டார். மாநகராட்சியும் நகராட்சியும் பஞ்சாயத்தும் வசூலிக்கும் இந்த வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். நூலகம் நடப்பது பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். வாடகை வீட்டில் இருந்தாலும் நீங்கள் கொடுக்கிற வாடகைக்குள் அந்தப் பத்துப் பைசா ஒளிந்திருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நூலகத்தில் ஏதாவது கேட்கப் போகும்போது நம் ஆட்கள் தயவு கேட்பவர்போல நிற்கிறார்கள். நிற்க வேண்டாம். அதே சமயம் அதிகாரத் தோரணையும் வேண்டாம், அதற்கு அடுத்துவரும் படிகளில் காரணம் சொல்கிறேன்.

அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். மாவட்டத்துக்கு ஒரு மைய நூலகம். அதன்கீழ் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். மாவட்ட அளவில் பொறுப்பு மாவட்ட நூலக அலுவலருக்கு. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. எல்லையோரத்து ஊர்க்காரர்கள் மனு கொடுக்கும் முன், தங்கள் நூலகம் இப்போது எந்த அலுவலகத்தின்கீழ் இருக்கிறது என்று நூலகரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நேராகப் பேனர் அடித்து விழா எடுத்துவிட்டு, மறுவாரம் யாரும் வரவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம், நூலகம் திறந்திருக்கும் நேரம் முழுக்க, நீங்களும் இரண்டு நண்பர்களும் முறை வைத்து உட்காருங்கள். யார் வருகிறார், எத்தனை மணிக்கு, எதற்காக, எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம். ‘பெரியவர், பேப்பர், 40 நிமிடம்’ என்றால் போதும்.

எங்கள் நோட்டில் விழுந்தது இதுதான். காலையில் கதவு திறக்கும் முன்பே நாளிதழுக்காக நிற்கும் பெரியவர்கள். அவர்களுக்குப் பின்னால் பையோடு வந்து சுவரோரம் இடம்பிடிக்கும் பிள்ளைகள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தேர்வு என்று ஆளுக்கு ஒன்று. இந்தப் பிள்ளைகள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதே குறைவு. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கிறார்கள். வீட்டில் ஒரே அறை, டி.வி. சத்தம், தம்பி தங்கை. அவர்களுக்கு வேண்டியது ஒரு மேசை. இன்றைக்குத் தமிழ்நாட்டு நூலகங்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். அவர்களை இடைஞ்சல்போலப் பேசுபவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

அப்புறம் நோட்டின் மறுபக்கத்தைப் பாருங்கள். யார் வரவில்லை? எங்கள் பட்டியலில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. நடுவயதுப் பெண் ஒருவர்கூட இல்லை. நூலகத்துக்கு நாலு வீடு தள்ளித் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். “நான் இன்னா படிச்சவளா? உள்ள வந்தா எதுனா கேப்பாங்களோன்னு பயம்தான்,” என்றார். பல வருடங்களாக அந்த வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறார். அவருக்கு அது ஏதோ ஓர் ஆபீஸ்.

உருது பேசும் வீடுகளிலிருந்து வருபவர்களும் குறைவு. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமும் வேலூர் நகரத்துக்குள்ளும் உருது பேசும் குடும்பங்கள் எத்தனை, ஆந்திர எல்லையோரத்தில் தெலுங்கு பேசுபவர்கள் எத்தனை என்று யோசித்தால், தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் மட்டும் இருக்கிற அலமாரி யாருக்குப் பேசுகிறது என்பது விளங்கும்.

மூன்றாம் படி: நூலகரிடம் முதலில் காது கொடுங்கள்

ஊர்ப்புற நூலகங்களிலும் சின்னக் கிளைகளிலும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கதவு திறப்பது, பதிவேடு எழுதுவது, பெருக்குவது, கணக்கு அனுப்புவது எல்லாம் அவரே. நீங்கள் போய்ப் பத்துத் திட்டம் சொன்னால், அவர் காதில் பத்து வேலை என்றுதான் விழும். ஆகவே முதல் சந்திப்பில் எதையும் கேட்காதீர்கள். “மேடம், உங்களுக்கு இங்க எது தலைவலி?” என்று மட்டும் கேளுங்கள். எங்கள் நூலகர் சொன்னது ஒழுகும் ஜன்னல். மழை பெய்தால் வரலாற்று அலமாரியை நகர்த்தவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. எங்கள் வட்டம் செய்த முதல் வேலை அந்த ஜன்னலுக்குத் தகரம் அடித்ததுதான். அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன எதற்கும் அவர் முகம் சுளித்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. புத்தகம் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நிகழ்ச்சி எதுவானாலும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, அவர் வழியாக மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி, அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு கேள்வி வரும்போது அவரைத் தனியாக நிற்கவிட்டால் உங்கள் நூலகம் அதோடு முடிந்தது.

நான்காம் படி: வாசகர் வட்டத்தை உயிர்ப்பியுங்கள்

உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் ஏற்கெனவே இருக்கலாம், காகிதத்தில். தலைவர் பெயர் பலகையில் இருக்கும். ஆள் ஊர் மாறிப் போயிருப்பார். இருக்கிறதைப் புதுப்பிப்பது புதிதாகத் தொடங்குவதைவிட எளிது.

பத்துப் பேர் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டுமே பத்துப் பேர் என்றால் வேண்டாம். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் கூட்டம் சொற்பொழிவாகிவிடும். தேர்வுக்குப் படிக்கும் ஒரு பையன், ஒரு பெண். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இருவர். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர் ஒருவர், குழந்தைகளை உட்காரவைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரு கடைக்காரர். ஒரு கம்ப்யூட்டர் தெரிந்த கல்லூரி மாணவர். கட்சிக்காரர்கள் உறுப்பினராக இருக்கட்டும், பொறுப்பில் வேண்டாம். பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும்.

மாதம் ஒரு கூட்டம், ஒரே நாளில். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் ஞாயிறு சாயங்காலம் தோதாக இருக்கும். தீர்மானத்தை நோட்டில் எழுதி நூலகர் கையெழுத்தும் வாங்குங்கள். பின்னால் மனு கொடுக்கும்போது அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

ஐந்தாம் படி: கழிப்பறை, தண்ணீர், நிழல்

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2018-ல் ஊடி என்றொரு நூலகம் திறந்தார்கள். நாடாளுமன்றத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. உள்ளே தையல் மெஷின், முப்பரிமாண அச்சுப்பொறி, பாட்டுப் பதியும் அறை எல்லாம் உண்டு. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தபோது அங்கே போய்ப் பார்த்துவிட்டு நானும் மனம் நிறைந்து திரும்பினேன். நம் நகராட்சிகள் பலவற்றிலும் அறிவுசார் மையங்கள் கட்டப்பட்டு வருகின்றன. எல்லாம் நல்லது. ஆனால் உங்கள் தெரு நூலகத்தின் எதிர்காலத்தை முடிவு செய்வது அதைவிடச் சின்ன விஷயம்: பெண்கள் போகக்கூடிய ஒரு கழிப்பறை இருக்கிறதா?

இல்லையென்றால் ஒரு பெண் அதிகபட்சம் ஒரு மணி நேரம் இருப்பார். தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளைகள் மதியம் வீட்டுக்குப் போனால் திரும்புவதில்லை, வீட்டு வேலை பிடித்துக்கொள்ளும். எங்கள் நூலகத்தில் கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது, உள்ளே பழைய பேப்பர் கட்டு. கட்டுகளை எடைக்குப் போட அனுமதி வாங்கி, குழாய் மாற்றி, உள்தாழ்ப்பாள் போட எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் மதியத்தில் பெண்பிள்ளைகள் தங்க ஆரம்பித்தார்கள். வேறு எந்த நிகழ்ச்சியும் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்காது.

அடுத்தது சூடு. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டோ அடித்தால் உள்ளே சூடு இறங்குவது கைக்கே தெரியும். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி, வாசலில் மண்பானைத் தண்ணீர். ‘தாகத்துக்குத் தண்ணீர், உட்கார நிழல், உள்ளே வாங்க’ என்று தமிழிலும் உருதுவிலும் வங்காளத்திலும் ஒரு பலகை வையுங்கள்.

ஆறாம் படி: பொழுதைப் பங்கு போடுங்கள்

ஊர்க்கூடம் என்றதும் வரும் நியாயமான பயம், சத்தம். படிக்கிற பிள்ளையின் அமைதியைக் கெடுத்துக் கொண்டாட்டம் நடத்துவது துரோகம். ஒரே அறைதான் இருக்கிறது என்றால் பொழுதைப் பிரிக்க வேண்டும். எங்கள் நோட்டை வைத்து நாங்கள் போட்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன், உங்கள் நோட்டு வேறு சொல்லலாம்.

காலை, பேப்பருக்கும் பெரியவர்களுக்கும். நண்பகலிலிருந்து நாலரை வரை முழு அமைதி, போன்கூட வாசலில்தான். நாலரையிலிருந்து ஆறு வரை குழந்தைகள், வராந்தாவில் பாய் போட்டு. முதல் கதை நேரத்துக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் இருவர் எங்கள் உறுப்பினரின் பிள்ளைகள். விடவில்லை. கதை சொல்ல வெளியாள் தேடாமல், தெருப் பாட்டிகளை அழைத்தோம். கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் தான் சின்ன வயதில் கூட்டத்தில் தொலைந்துபோன கதையைக் குடியாத்தத்துப் பாட்டி ஒருவர் சொன்னார். அடுத்த வாரம் பாய் போதவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விண்ணப்ப உதவி. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, உதவித்தொகைப் படிவம், பட்டா பெயர் மாற்றம். எங்கே போவது, எந்தத் தாள் வேண்டும், எப்படி நிரப்புவது என்று கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து சொல்கிறார்கள். பீடி சுற்றும் அக்கா முதன்முதலாக வாசற்படி ஏறியது இதற்குத்தான். மகளின் உதவித்தொகைப் படிவத்தோடு வந்தார். காத்திருந்தபோது கோலப் புத்தகத்தைப் புரட்டினார். இப்போது அவர் பெயரில் உறுப்பினர் அட்டை இருக்கிறது.

இந்த வேலையில் மூன்று விதிகளை மீறவே கூடாது. காசு வாங்கக் கூடாது, அன்பளிப்பாகக்கூட. ஆதார் நகலை நூலகத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கம்ப்யூட்டரில் யாருடைய கணக்கைத் திறந்தாலும் அவர் கண்முன்னே மூடிவிட வேண்டும்.

சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளின் உறவினர்களுக்கு வருவோம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் கடைப் பலகைகளே வங்காளத்தில் இருக்கின்றன. வேலூரின் வியாபாரம் அவர்களைப் புரிந்துகொண்டுவிட்டது. நூலகங்கள் இன்னும் கவனிக்கவில்லை. நகரத்துக்குள் இருக்கும் கிளைகளில் ஒரே ஒரு தட்டு போதும். வங்காளத்திலும் இந்தியிலும் கொஞ்சம் கதைப் புத்தகம், குழந்தைகளுக்குப் படப்புத்தகம். ஊர் திரும்புபவர்களிடம், படித்து முடித்த புத்தகத்தை விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டாலே தட்டு நிரம்பும். உறுப்பினராக உள்ளூர் முகவரி கேட்பார்கள், அது அவர்களிடம் இருக்காது. அதனால் அங்கேயே உட்கார்ந்து படிக்கும் தட்டாக வையுங்கள். பரிசோதனை முடிவுக்காகப் பயந்துகொண்டு காத்திருக்கும் மனிதருக்குத் தன் மொழியில் இரண்டு பக்கம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வங்காளி முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அணைக்கட்டு தாலுகா ஊர்களுக்கு இன்னொரு யோசனை: விதைப் பெட்டி. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் விதையும் உள்ளூர் அவரை, சுரை விதையும் சின்ன உறைகளில் நூலகத்தில் இருக்கட்டும். எடுத்துப்போனவர் அறுவடையில் இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். வேளாண் புத்தகங்களைப் பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்குங்கள்.

ஏழாம் படி: கம்ப்யூட்டரும் ஊர் நினைவும்

இணைய வசதி இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தை எல்லோருக்கும் காட்டுங்கள். பழைய நூல்களும் இதழ்களும் அங்கே இலவசம். இது சின்ன வேலை, ஒரு மாலை போதும்.

பெரிய வேலை அடுத்தது. உங்கள் ஊரைப் பற்றிய காகிதங்களைச் சேருங்கள். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சியைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர்களின் டிசைன் நோட்டு எங்கே? 1954-ல் காமராஜர் முதல்வராக இருந்துகொண்டே குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்தப் பிரச்சாரத்தைச் சிறுவர்களாகப் பார்த்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பாலாற்றில் மணல் தெரியாமல் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். செல்போனில் குரலைப் பதியுங்கள், பழைய புகைப்படத்தைப் படமெடுத்துவிட்டு அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், சொன்னவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இது நாளைக்குத் தள்ளக்கூடிய வேலை அல்ல. நாங்கள் பதிய நாள் குறித்திருந்த நெசவாளர் ஒருவர் அந்த நாளுக்கு முந்தின வாரம் காலமாகிவிட்டார்.

எட்டாம் படி: பணம்

புரவலர் திட்டம் பழையது, நம்பகமானது. 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர், 5,000 என்றால் பெரும் புரவலர், 10,000 என்றால் கொடையாளர். கல்யாணம், பிறந்தநாள், நினைவுநாள் என்று கேட்டால் கொடுக்க ஆள் உண்டு. ரசீது நூலகப் பெயரில்தான், வட்டத்தின் கையில் பணம் நிற்கவே கூடாது.

கட்டட வேலை என்றால் நகர்ப்புறத்தில் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்கலாம். மதிப்பீடும் படமும் வட்டத்தின் தீர்மான நகலும் கையோடு எடுத்துப் போங்கள், வெறும் மனு கோப்புக் கட்டுக்குள் புதைந்துவிடும்.

கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு நூலகக் கட்டடம் இருக்கலாம். 2006-க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துதோறும் கட்டினார்கள். திறக்க வைக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. கூட்டத்துக்கு முன்பே பத்து வீட்டுப் பெண்களிடம் பேசிவையுங்கள், அவர்கள் எழுந்து கேட்டால் தீர்மானம் நோட்டில் ஏறும்.

நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். நான் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் கேட்டு, பதில் வராமல், மேல்முறையீடு செய்து வாங்கினேன். மரியாதையாகவும் விடாமலும் கேட்டால் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: வர முடியாதவர்களிடம் போங்கள்

படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரர்கள். நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோக வழி இருக்கிறது. உங்கள் நூலகரிடம் கேட்டுப் பெயர் கொடுங்கள். பீஞ்சமந்தை போன்ற மலையூர்களுக்கு ஐம்பது புத்தகம் உள்ள தகரப் பெட்டி ஒன்றைப் பள்ளி வழியாக அனுப்பி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். இன்றைக்கு மலைக்குப் போகும் ஆசிரியர்களின் இரண்டு சக்கர வண்டி இருக்கிறது.

பத்தாம் படி: மறுபடியும் நோட்டு

ஒரு வருடம் கழித்து அதே மாதத்தில் அதே ஒரு வாரம் உட்காருங்கள். தலைகளை மட்டும் எண்ணாதீர்கள். போன வருடம் இல்லாத வகை ஆள் யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள். எத்தனை பெண்கள் மதியத்தைத் தாண்டித் தங்கினார்கள், படிவத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் புத்தகம் எடுத்தார்கள் என்று எழுதுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் இரண்டு நோட்டுகளையும் மேசைமேல் திறந்து வைத்து, ஊரைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் யாருக்காகக் கதவைத் திறக்கலாம் என்று கேளுங்கள். எங்கள் நோட்டில் போன வருடம் வந்த பதில், இரவு ஷிப்ட் முடித்து வரும் தோல் தொழிற்சாலைப் பிள்ளைகள். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்க முடியுமா என்று கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.